நாலாம் பக்கத்துப் பெண்

எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது.
கதவு சாத்தாமல் கிடக்கிறது.
உதவப் போனவன் கத்தியைத் தொடுகிறான்,
அந்த நேரம் பார்த்து
ஆரோ விளக்கைப் போடுகிறார்கள்.

களுவாஞ்சிகுடி நூலகத்தில்
இரண்டாம் அலுமாரி, கீழ்த்தட்டு.
துப்பறியும் நாவல்கள் அறுபத்திமூன்று.
முழுவதும் வாசித்துவிட்டேன்.
அட்டை மாறும், ஊர் மாறும்,
ஓடுகிறவனின் மூச்சு மட்டும்
ஒரே ஆளுடையது.

மீசையை எடுப்பான்.
தேநீர்க்கடை வானொலியில்
தன் பெயரைத் தானே கேட்டுக்கொண்டு
சீனி காணாது என்பான்.
நூறாம் பக்கத்தில் அவனை நம்ப ஒருத்தி வருவாள்,
அவளிடம் எப்படியும் ஒரு கார் இருக்கும்.
உண்மைக் குற்றவாளிக்கு
ஒரு விரல் குறைவாக இருக்கும்,
இல்லாவிட்டால் கன்னத்தில் ஒரு தழும்பு.
தேடுகிறவன் சிரமப்படக் கூடாதென்று
எழுதினவர் போட்டுவிட்ட புள்ளடி.
கடைசியில் உயரமான ஓர் இடம்:
மாடி, பாலம், வெளிச்சவீடு.
அங்கே ஏறினால் எவனும் உண்மை பேசிவிடுகிறான்.

நான் தேடுவது இவர்களை அல்ல.

நாலாம் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள்.
"இவன்தான், என் கண்ணால் கண்டேன்" என்பாள்.
ஒரே ஒரு வரி.
அதற்குப் பிறகு அவளை
எந்தப் பக்கத்திலும் காணக் கிடைக்காது.
வீட்டுக்குப் போனாளா,
சோறு வடித்தாளா,
படுத்தால் நித்திரை வந்ததா,
அறுபத்திமூன்று பேரில் ஒருவரும் எழுதவில்லை.

நான் சொன்னதும் ஒரு வரிதான்.
சங்கக்கடைக் காசுப்பெட்டியோடு ஓடினவனின்
முதுகைக் கண்டேன்.
இடது தோள் சற்றுச் சரிந்திருந்தது.
"பேரின்பம் போல" என்றேன்.
பொலிஸ்காரர் எழுதும்போது
"போல" விடுபட்டுப்போனது.
வாசித்துக் காட்டினார்.
கையொப்பம் வைத்தேன்.

அவன் ஓடினான்.
கார் இல்லை. நம்ப ஒருத்தியும் இல்லை,
யோகத்தைத் தவிர.
அவள் பெண்சாதி, கதைக் கணக்கில் வரமாட்டாள்.
குருமண்வெளித் துறையில்
கடைசிப் பாதைக்கு ஏறினதைக் கண்டவர்கள் உண்டு.
ஆற்றைக் கடத்திவிடும் அந்த மிதக்கும் தட்டை
நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம்.
மண்டூர்க் கரையில் இறங்கினான்.
பிறகு வெல்லாவெளி என்றார்கள்,
வெலிக்கந்தையில் செங்கல் சூளை என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கதையென்றால் மூன்று இரவில் முடிந்திருக்கும்.
இது ஒன்பதாவது மாரி.

அடுத்த வருசமே
கல்லாற்றில் பஸ்ஸால் இறங்கிய வாத்தியார் ஒருவருக்கு
இடது தோள் சரிந்திருந்தது.
சந்தையில் மீன் நிறுக்கிறவருக்கும்.
கண்ணாடியில் பார்த்தேன்,
பை தூக்கித் தூக்கி
எனக்கும்.

கதைகளில் பொலிஸ்காரனுக்குத்
தானாகச் சந்தேகம் வரும்.
நான் சந்தேகத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"இப்ப ஏன்?" என்றார் புதிதாக மாறி வந்தவர்.
"அடையாள அட்டைப் போட்டோப்பிரதி ரெண்டு கொண்டு வாங்க."
கொண்டுபோனேன்.
அன்றைக்கு அவர் லீவு.

மாதம் ஒருக்கா யோகம் கடைக்கு வருவாள்.
பருப்பு, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி.
சில்லறையை மேசையில் வைப்பாள்,
நீட்டிய என் கையில் அல்ல.

வெள்ளிக்கிழமை
அவள் மண்டூர்க் கந்தனிடம் போகும் நாள்.
இன்றைக்கு நானும் பாதையில் ஏறிவிட்டேன்.
அந்தக் கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.
மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு ஆடு,
கம்பியைப் பிடித்தபடி அவள்.
நடு ஆறு. மழை இல்லை.
உயரமான இடமும் இல்லை,
தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கிறோம்.

"யோகம்," என்றேன்,
"நான் முதுகைத்தான் கண்டேன்."

அவள் திரும்பவில்லை.
எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.
இன்னொரு தரம் சொல்ல வேண்டும்.
கரைக்கு இன்னும் பத்து நிமிசம்.